கூரைக்கு எது: சிலாப்பா, ஓடா, சீற்றா? கடலுக்குக் கிட்டக் கட்டியவர்கள் சொல்லுங்கள்

ராஜி, உப்புவெளி

கடற்கரையிலிருந்து நடந்தால் ஐந்து நிமிடத் தூரத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். 10 பேர்ச் காணி, 900 சதுர அடி வீடு. சுவர் லிண்டல் மட்டத்துக்கு, அதாவது கதவு யன்னலின் தலை மட்டத்துக்கு, வந்துவிட்டது. இனிக் கூரைதான். அங்கேதான் வேலையும் நிற்கிறது, ஏனென்றால் வீட்டில் ஆளுக்கொரு கதை.

கனடாவில் இருக்கும் மைத்துனர் "சிலாப் போடுங்கள் அண்ணி, பிறகு மேலே ஒரு மாடி எடுக்கலாம்" என்கிறார். மேசன் அஸ்பெஸ்டஸ் சீற் என்கிறார், இரண்டு நாளில் வேலை முடியுமாம். அம்மா ஓடு தவிர வேறு எதையும் கூரை என்றே ஒத்துக்கொள்வதில்லை. என்னவர், கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் பக்கம்.

எனக்கு வேறு பயம். அம்மாவின் பழைய வீட்டில் ஒரு அறைக்கு மட்டும் 1996ல் சிலாப் போட்டோம். அந்தக் காலத்தில் மணல் கிடைப்பதே பெரும்பாடு. வந்த மேசன் கடற்கரை மணலை இரவோடிரவாக ட்ரக்டரில் இறக்கினார். போன வருடம் அந்த சிலாப்பின் அடியிலிருந்து ஒரு தாச்சி நிறைகிற அளவுக்குத் துண்டு பெயர்ந்து தையல் மெசினுக்கு மேல் விழுந்தது. அம்மா அப்போதுதான் தேத்தண்ணி ஊற்ற எழும்பிப் போயிருந்தார். உள்ளே பார்த்தால் கம்பி கறுத்து, இலை இலையாக உரிந்து கிடக்கிறது. போதாததற்கு, ஆனி ஆடியில் கச்சான் வீசும்போது அந்த அறையில் இரவு பதினொரு மணிக்கும் மின்விசிறி சூட்டைத்தான் அள்ளி வீசும். அம்மா விறாந்தையில் படுப்பார்.

நான் ஏழாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கட்டட ஆராய்ச்சி என்று நாட்டில் ஒரு நிறுவனமே இருக்கிறது, பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு செய்கிறார்கள் என்று தெரியும். அதெல்லாம் கொழும்பு மாடிக் கட்டடங்களுக்கு மட்டும்தானா? லிண்டல் மட்டத்தில் நிற்கும் என் சுவருக்கு அதிலிருந்து ஏதாவது கிடைக்குமா? "எஞ்சினியரைக் கேளுங்கள்" என்று மட்டும் சொல்ல வேண்டாம். கேட்டேன். சிலாப் என்றார். சீமெந்துக் கடையும் அவருடையதுதான்.

கிண்ணியா பாஸ்

தங்கச்சி, 22 வருசமாக மேசன் வேலை செய்கிறேன். கடல் மணலில் கொங்கிரீட் போடக் கூப்பிட்டால் நான் வர மாட்டேன். கங்கை மணல் (ஆற்று மணல்) விலை கூடத்தான். வீட்டுக்காரர்கள் அங்கேதான் காசைப் பிடிப்பார்கள். பிறகு டைல்ஸ் எடுக்கக் கொழும்புக்குப் போவார்கள்.

கூரைக்கு எதைப் போட்டாலும் உங்கள் மேசனிடம் இதை மட்டும் கேளுங்கள்: சுவருக்கு மேலே படுக்கிற வளை மரத்தைச் சுவரோடு எதால் கட்டப் போகிறார்? அநேகம் வீடுகளில் கூரை சுவரில் சும்மா குந்திக்கொண்டிருக்கிறது. போல்ட் வைப்போம் என்று நான் சொன்னால் "வீண் செலவு பாஸ்" என்பார்கள். மற்றதைத் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்த டீ.ஓ. ஐயா வந்து சொல்லுவார். அவர் இரவில்தான் வருவார்.

பழைய டீ.ஓ.

மகள், பாஸ் என்னை மாட்டிவிட்டார். 34 வருடம் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து 2024ல் ஓய்வு பெற்றேன். ஆராய்ச்சி செய்தவன் இல்லை, செய்தவர்கள் எழுதிவைத்ததைக் கொண்டு ஊரார் வீடுகளை அளந்தவன். கூரைப் பொருளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் பாஸ் கேட்ட கேள்வி.

1978 நவம்பர் 23, கிழக்கைச் சூறாவளி அடித்த நாள். எனக்கு 14 வயது. வாழைச்சேனையில் அம்மம்மா வீட்டில் இருந்தோம். அந்த இரவைப் பற்றி எழுதினால் விடிந்துவிடும், விடுவோம். விடிந்ததும் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டில் சுவர் நாலும் அப்படியே நிற்கிறது. ஆணியில் தொங்கிய கலண்டர்கூட இருக்கிறது. கூரை மட்டும் கைமரம், சீற் எல்லாம் சேர்ந்தபடி இரண்டு வளவு தள்ளிக் கிடக்கிறது, யாரோ தூக்கி வைத்தது போல. எங்கள் வீட்டில் ஓடு பாதி போய்விட்டது, ஆனால் கூரைச் சட்டம் அசையவில்லை. தாத்தா வேலிக்கு வாங்கிய கம்பியின் மிச்சத்தில் கைமரம் ஒவ்வொன்றையும் தூணோடு சுற்றிக் கட்டியிருந்தார். அவர் எந்தப் புத்தகமும் படித்தவர் இல்லை. முன்னொரு காற்றில் கூரையை இழந்தவர், அவ்வளவுதான்.

அந்தச் சூறாவளிக்குப் பிறகுதான் நாட்டை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்து, கட்டடங்களுக்கான வழிகாட்டி ஒன்றை 1980ல் வெளியிட்டார்கள். நம் கிழக்குக் கரை முதல் வலயம். சாதாரண வீட்டுக்கே செக்கனுக்கு 49 மீற்றர், அதாவது மணிக்கு 176 கிலோமீற்றர் காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். அந்தக் காற்றின் அமுக்கம் ஒரு சதுர மீற்றருக்கு 150 கிலோ பாரத்துக்குக் கிட்ட வரும். கூரைமேல் அது கீழ்நோக்கி அமுக்குவதில்லை, பெரும்பாலும் மேல்நோக்கி உறிஞ்சுகிறது. ஓரங்களிலும் முகட்டிலும் அந்த 150ஐயும் தாண்டும். ஓட்டுக் கூரையின் பாரம் அதில் பாதிக்கு வராது. சீற் என்றால் கேட்கவே வேண்டாம். பாரம் பிடிக்கும் என்று நம்புகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

இன்னொன்று, இது எனக்கு மிகவும் பிடித்த கதை. 1974 நத்தார் அன்று அவுஸ்திரேலியாவில் டார்வின் நகரைத் 'ட்ரேசி' சூறாவளி அடித்தது. நகரத்தின் கட்டடங்களில் 70 சதவீதத்துக்கு மேல் நாசம். பிறகு போய்ப் பார்த்த பொறியியலாளர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். பறந்துபோன தகரங்களின் ஆணிகள் பல மரத்திலேயே இருந்தன. ஆணியைச் சுற்றித் தகரம்தான் வெடித்துக் கிழிந்திருந்தது. கம்பி ஒன்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைத்து வளைத்து முறிப்போமே, அதே வேலை. காற்று ஒரே இழுவையாக இழுக்கவில்லை, மணிக்கணக்காக இழுத்து இழுத்து விட்டிருக்கிறது. 1977ல் டவுன்ஸ்வில்லில் உள்ள ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு சோதனை நிலையம் தொடங்கினார்கள். வேண்டுமென்றே கூரைகளைப் பிய்த்துப் பார்ப்பதுதான் அவர்கள் தொழில். ஓரத்து ஆணிகளை நெருக்கமாக அடி, பெரிய வாசர் போடு என்று இன்று நாம் சொல்வதெல்லாம் அப்படிப் பிய்த்துப் பார்த்ததில் வந்த அறிவு.

உங்கள் சுவருக்கு இப்போது செய்ய வேண்டியது: சுவரின் தலையில் நாலு பக்கமும் சுற்றி ஒரு கொங்கிரீட் பீம். அது ஈரமாக இருக்கும்போதே மூன்று, நாலு அடிக்கு ஒன்றாக 12 மில்லிமீற்றர் ஜே போல்ட் இறக்கி, கொக்கியைப் பீமின் கம்பிக்குக் கீழே மாட்டிவிடுங்கள். வளை மரம் அந்தப் போல்ட்டில் இறுகும். கைமரத்தை வளையோடு ஆணியால் மட்டும் அடித்தால் போதாது, இரும்புப் பட்டி வேண்டும். ஓடு என்றாலும் சீற் என்றாலும் இதில் மாற்றமில்லை. பீம் இறுகிய பிறகு யோசித்தால் அடுத்த சந்தர்ப்பம் உங்கள் பேரப்பிள்ளைக்குத்தான்.

கூரையின் சரிவு 20 பாகைக்குக் குறைந்தால் உறிஞ்சல் கூடும். முடிந்தால் நாலு பக்கமும் சரிகிற கூரையாக எடுங்கள். இரண்டு பக்கச் சரிவு என்றால் முக்கோணச் சுவர் இரண்டு எழும்பும், புயலில் முதலில் சரிவது அதுதான்.

நிலா, குச்சவெளி

டீ.ஓ. ஐயா சொன்னதற்கு நான் சாட்சி. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி சூறாவளி திரியாய்க்கும் எங்களுக்கும் இடையில்தான் கரையேறியது. எங்கள் வீட்டு விறாந்தையின் சீற் முழுவதும் போய்விட்டது. பெரிய கூரைக்கு ஒன்றுமில்லை. கட்டும்போது மாமா விறாந்தைக் கூரையைப் பெரிய கூரையின் தொடர்ச்சியாக இறக்காமல், ஒரு அடி கீழே தனியாகப் போட்டிருந்தார். பார்க்க அழகில்லை என்று நாங்கள் சண்டை பிடித்தோம். பக்கத்து வளவில் ஒரே ஓட்டமாக இறக்கியிருந்தார்கள். அங்கே விறாந்தை போகும்போது அறைக் கூரையில் பாதியையும் இழுத்துக்கொண்டு போனது.

ஒரு கேள்வி ஐயா. அன்றைக்கு மாமி யன்னல் எல்லாவற்றையும் திறந்துவிடச் சொன்னார். உள்ளே வந்த காற்று வெளியே போகட்டும், இல்லாவிட்டால் வீடு வெடிக்கும் என்று. அது சரியா?

பழைய டீ.ஓ.

நிலா, மாமியைப் போல உலகமெல்லாம் நம்பியிருந்தார்கள், அவரைக் குறை சொல்ல வேண்டாம். சோதித்துப் பார்த்ததில் நேர்மாறு என்று தெரிந்தது. காற்று வருகிற பக்கத்தில் ஒரு யன்னல் திறந்தாலே வீடு பலூன் போல ஊதும். மேலே உறிஞ்சல், உள்ளே தள்ளல், இரண்டும் சேர்ந்து கூரையைத் தூக்கும். எல்லாவற்றையும் அடைத்து வைக்க வேண்டும்.

புரெவியைத் தாங்கியது என்று நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது. கரையேறும்போது அதன் வேகம் மணிக்கு 80 முதல் 90 கிலோமீற்றர்தான். நான் சொன்ன 176இல் பாதி. காற்றின் அமுக்கம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும், ஆகவே உங்கள் கூரை பார்த்தது நாலில் ஒரு பங்குச் சோதனை.

ராஜி, உப்புவெளி

ஐயா, வகுப்பில் வர்க்கம் படிப்பிக்க இனி எனக்கு நல்ல உதாரணம் கிடைத்துவிட்டது. பீமும் போல்ட்டும் நிச்சயம். என்னவரும் உங்கள் பக்கம் வந்துவிட்டார். (நீங்கள்தான் கடைசியாகப் பேசினீர்கள்.)

சூட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே? தாழ்வாரத்தை மூன்று அடிக்கு வெளியே நீட்டினால் சுவரில் வெயில் படாது என்று நினைத்திருந்தேன். அப்புறம் மணல். பீமுக்கு வந்து இறங்கியது கங்கை மணல் என்று கடைக்காரர் சொல்கிறார். நான் எப்படி நம்புவது?

பழைய டீ.ஓ.

தாழ்வாரத்தில்தான் காற்றும் வெயிலும் மோதிக்கொள்கின்றன. நிழலுக்கு நீளமாக வேண்டும், ஆனால் நீண்டால் காற்று அதைக் கீழிருந்து பிடித்துத் தூக்கும். ஒன்றரை அடியோடு நிறுத்துங்கள். மிச்ச நிழலை யன்னலுக்கு மேல் சின்ன கொங்கிரீட் மறைப்பாலும், நிலாவின் மாமா செய்தது போலத் தனியாக நிற்கும் விறாந்தையாலும் எடுங்கள்.

வடக்கு யன்னலுக்கும் மறைப்பு வேண்டும். வெளிநாட்டுப் புத்தகங்களில் வடக்குப் பக்கம் எப்போதும் நிழல் என்று இருக்கும். அது அவர்கள் நாட்டுக்கு. நமக்குச் சித்திரைப் புதுவருடத்தை ஒட்டிச் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, பிறகு ஓகஸ்ட் கடைசி வரைக்கும் மத்தியானத்தில் வடக்கே சாய்ந்துதான் நிற்கும். நீங்கள் சொல்லும் கச்சான் காலம் முழுவதும் அதற்குள் அடங்கும்.

அப்படி உச்சியில் நிற்கிற சூரியனுக்கு வீட்டில் பெரிய இலக்கு கூரைதான். அம்மாவின் அறையில் நடந்தது இது: ஐந்து அங்குலக் கொங்கிரீட் பகலெல்லாம் சூட்டைக் குடித்து, இரவில் கக்குகிறது. சிலாப்புக்கு மேலே வெப்பத்தடுப்புப் படை ஒன்றை வைத்து, அதன் மேல் மெல்லிய கொங்கிரீட் போட்டு மூடுவதை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஆய்ந்து, நம் காலநிலைக்குப் பலன் தருகிறது என்று காட்டியிருக்கிறார்கள். மைத்துனர் மாடிக்குக் காசு அனுப்பும் திகதியையும் சொன்னால் அதைச் செய்யலாம். புயலுக்கும் சிலாப்தான் உறுதி, அதை மறைக்க மாட்டேன்.

மாடி நிச்சயமில்லை என்றால் ஓடு போடுங்கள். அம்மா வென்றார். ஓடு இரவில் சீக்கிரம் ஆறும். ஓட்டுக்குக் கீழே பளபளக்கும் அலுமினியத் தாள் ஒன்றை விரியுங்கள். பளபளப்புப் பக்கம் கீழே, சீலிங்கைப் பார்த்தபடி இருக்கட்டும், இடையில் காற்று இடைவெளி வேண்டும். மேலே பார்க்க வைத்தால் கொஞ்ச நாளில் தூசி படிந்து பலன் போய்விடும். எத்தனை வீடுகளில் அதைத் தலைகீழாக விரித்திருக்கிறார்கள் என்று எண்ணினால் விரல் போதாது. ஓரத்து ஓடுகளையும் முகட்டு ஓடுகளையும் கம்பியாலோ ஆணியாலோ பிடித்துவிடுங்கள்.

முலாம் பூசிய தகரமான அமானோ சீற்றும் நல்லதுதான், வெள்ளை நிறத்தில் எடுத்தால் சூடு குறையும். ஆனால் உங்கள் இடத்தில் உப்புக் காற்று. வெட்டிய விளிம்பிலும் ஆணித் துளையிலும் துரு தொடங்கும். அஸ்பெஸ்டஸ் வேண்டாம். அதன் தூசி புற்றுநோயை உண்டாக்கும் என்பதில் உலக சுகாதார நிறுவனத்துக்குச் சந்தேகம் இல்லை. பழைய வீட்டில் இருந்தால் அதை அரியவோ துளைக்கவோ தேய்க்கவோ வேண்டாம்.

மின்விசிறி வாங்கும்போது டீ.சி. மோட்டார் உள்ளதைக் கேளுங்கள். பழைய வகை 75 வற் எடுக்கும், இது 30 வற் அளவில் ஓடும். இரவுக்குப் பத்து மணி நேரம் என்றால் முக்கால் யூனிற்றுக்குப் பதில் 0.3 யூனிற்.

இனி மணல். அதற்கு நீங்களே ஆய்வுகூடம் வைத்திருக்கிறீர்கள், என்னைக் கேட்கிறீர்களே! கொங்கிரீட்டின் காரத்தன்மைதான் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. கடல் உப்பின் குளோரைட்டு அந்தக் காவலை உடைக்கும். துரு, இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். அந்த வீக்கம்தான் உங்கள் தையல் மெசினில் விழுந்தது. காய்ச்சி வடித்த நீரில் மணலைக் கழுவி, வடித்து, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் சில துளி விடுங்கள். பால் போல வெளுத்தால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள். வளவுக் கிணற்றுத் தண்ணீரையும் அப்படியே பாருங்கள். உப்புவெளி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? உவர்த் தண்ணீரில் கொங்கிரீட் குழைத்தால் கங்கை மணல் வாங்கிய காசு வீண்.

தண்ணீரின் அளவும் முக்கியம். 1918ல் சிக்காகோவில் டஃப் ஏப்ரம்ஸ் என்பவர் நிறையச் சோதனைகளுக்குப் பிறகு சொன்னது: கொங்கிரீட்டின் பலம் சீமெந்துக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதத்தில் இருக்கிறது. 50 கிலோ பையொன்றுக்கு 25 லீற்றர் தண்ணீருக்கு மேல் வேண்டாம், மணலின் ஈரத்தையும் அதில் சேர்த்துத்தான். குழைக்கிறவர்கள் "இளகவில்லை" என்று இன்னொரு வாளி ஊற்றப் பார்ப்பார்கள். அந்த நேரம் நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கக் கூடாது. கம்பிக்கும் அச்சுப் பலகைக்கும் நடுவே கற்சல்லியைச் செருகாமல், ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாத சீமெந்துக் கட்டைகளை முதல் நாளே வார்த்து வையுங்கள். போட்ட பிறகு ஒரு கிழமை சாக்கு நனைத்து மூடி வைக்க வேண்டும், இந்த வெயிலுக்குப் பத்து நாள் நல்லது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மண்சரிவு எச்சரிக்கையில் வானொலியில் கேட்கும் அதே பெயர்தான். 1984இலிருந்து இருக்கிறது, கட்டடப் பொருள் சோதனையும் செய்கிறார்கள். பெரிய வேலை என்றால் அங்கே போகலாம்.

கிண்ணியா பாஸ்

இன்னொரு வாளி ஊற்றுகிற பழக்கம் எனக்கும் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்கிறேன்.

ராஜி, உப்புவெளி

நேற்றுப் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் பார்த்தேன் ஐயா. நாலு சோதனைக் குழாய். கடற்கரையில் அள்ளிய மணல்: பால். எங்கள் கிணறு: அதுவும் கிட்டத்தட்டப் பால், எனக்கு அழுகை வந்துவிட்டது, அத்திவாரம் அந்தத் தண்ணீரில்தான் போட்டோம். குழாய்த் தண்ணீர்: மெல்லிய மங்கல். கடைக்காரரின் மணல்: அதே மெல்லிய மங்கல்தான். அவர் பொய் சொல்லவில்லை. பிள்ளைகள் இரண்டு பேர் தங்கள் வீட்டு மணலையும் கொண்டு வரட்டுமா என்று கேட்கிறார்கள்.

மைத்துனரிடம் மாடி எப்போது என்று கேட்டோம். "பார்ப்போம் அண்ணி" என்றார். ஓடு வாங்கப் போகிறோம். சனிக்கிழமை பீம் போடுகிறோம், நான் லீவு. அத்திவாரத்தில் கம்பி இல்லை, கருங்கல் கட்டுத்தான், பயப்பட வேண்டுமா? கடையில் ஜே போல்ட் இரண்டு வகை இருக்கிறது, பளபளக்கும் ஒன்று, மங்கலாகச் சாம்பல் நிறத்தில் ஒன்று. பளபளப்பது விலை குறைவு.

பழைய டீ.ஓ.

கம்பியில்லாத கருங்கல் கட்டுக்குப் பயமில்லை. சுவரின் அடியில் உப்புப் பூத்துப் பூச்சு உதிரலாம், அதைப் பிறகு பார்க்கலாம். போல்ட்டில் மங்கலாக இருப்பதை எடுங்கள், உருக்கிய நாகத்தில் (சிங்க்) முக்கி எடுத்தது அது, பூச்சு தடிப்பு. பளபளப்பது மெல்லிய முலாம், உங்கள் ஊர்க் காற்றுக்கு நிற்காது. வாசரும் அதே வகையில் கேளுங்கள்.